அப்பாவின் பென்சில் கோடுகள்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் "பார்த்து வாங்க, படி இருக்கு" என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. ஏறுகிற படி இல்லை, இறங்குகிற படி. தெருவிலிருந்து நான்கு அங்குலம் கீழே இருக்கிறது எங்கள் வாசல். கேட்டை வெளிப்பக்கம் திறந்தால் ரோடு தட்டும். பத்து வருடம் முன்பு வெல்டரைக் கூப்பிட்டு உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிக்கொண்டோம்.

1986-ல் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது மூன்று படி ஏறி உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு படியும் ஆறு அங்குலம், சிவப்பு ஆக்சைடு பூசியது. கிரகப்பிரவேச போட்டோவில் அந்த மூன்று படிகளிலும் சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று பதினான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டை இடிக்கவும் இல்லை, வீடு இறங்கவும் இல்லை. தெரு ஏறிக்கொண்டே வந்து மூன்று படியையும் விழுங்கிவிட்டது.

அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டியவர். அளக்காமல் எதையும் நம்ப மாட்டார். ஒவ்வொரு முறை ரோடு போட்டு முடித்த மறுநாளும் கேட் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டேப் பிடித்து, காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு கிழித்து வருடத்தை எழுதுவார். என் உயரத்தைக்கூட அவர் இப்படிக் குறித்து வைத்ததில்லை. சுவரில் இப்போது எட்டுக் கோடுகள். முதல் கோட்டுக்குக் கீழே இருந்த அசல் தெருமட்டத்திலிருந்து எட்டாவது கோடு வரை 22 அங்குலம்.

ரோடு போடுவதால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு, அதை எப்படிக் குறைக்கலாம் என்று பேச்சு வந்தால் எட்டு வழிச் சாலை, காடு, மலை என்றுதான் ஆரம்பிப்போம். அதெல்லாம் வேண்டிய பேச்சுதான். ஆனால் எனக்கு இந்தச் சுவர்தான் முதலில் ஞாபகம் வரும். ஒரு நாள் இந்தக் கோடுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் தெரு 140 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். 22 அங்குலம் என்றால் 56 சென்டிமீட்டர். பெருக்கினால் 392 கன மீட்டர். இறுகிய தார்க்கலவை கன மீட்டருக்கு 2.3 டன் என்று வைத்தால் ஏறத்தாழ 900 டன். பத்துச் சக்கர டிப்பர் லாரியில் ஐம்பது லோடுக்கு மேல். இது ஒரே ஒரு குறுக்குத் தெரு. சென்னை மாநகராட்சிக் கணக்கில் உள் தெருக்கள் மட்டுமே 5,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன.

(தார் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பிறகு அடியில் தங்குகிற பிட்டுமென். நிலக்கரியிலிருந்து வருவதுதான் தார். பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. நானும் தார் என்றே எழுதுகிறேன்.)

அந்த 900 டன்னில் தார் இருபதில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் கல். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தேடிப் போக வேண்டியதில்லை. மொட்டை மாடியில் நின்றால் திரிசூலம் மலை தெரியும். சின்ன வயதில் அந்தப் பக்கம் வெடி வைக்கிற சத்தம் கேட்கும். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். பாட்டி "வெச்சுட்டான்" என்பாள், அவ்வளவுதான். பம்மல், பல்லாவரம், திரிசூலம் என்று வரிசையாகக் கல்குவாரிகள் இருந்த பிரதேசம் இது. நீலமும் கறுப்பும் கலந்த அந்தக் கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரருக்குக் கொல்கத்தாவில் இருக்கும் கல்லறையின் கல்லை ஆராய்ந்து, அது இந்தப் பக்கத்துப் பாறைதான் என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்பவர் வைத்த பெயர். பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறது. வயது சுமார் 250 கோடி வருடம். அதை உடைத்து ஜல்லியாக்கி, நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, எங்கள் வீட்டு வாசற்படியைப் புதைத்திருக்கிறோம்.

குவாரி முடிந்த இடத்தில் பள்ளம் மிஞ்சும். மாங்காடு பக்கத்தில் சிக்கராயபுரம் குவாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செங்குத்தான சுவர்களுக்கு நடுவே பச்சையாகத் தண்ணீர். 2017-ல் ஏரிகள் வறண்டபோது அந்தத் தண்ணீரைத்தான் சுத்திகரித்துக் குழாயில் விட்டார்கள். 2019-லும் அதுவே கைகொடுத்தது. அதைக் காட்டி, குவாரி தோண்டினால் நல்லதுதானே என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். வீடு எரிந்ததில் குளிர் காய்ந்தோம் என்பது மாதிரி.

கல்லை உடைப்பதோடும் கதை முடியவில்லை. தார்க்கலவை ஆலையில் ஜல்லியை ஒரு சுழலும் உருளைக்குள் விட்டு, எண்ணெய் எரித்த நெருப்பில் சூடாக்குகிறார்கள். கலவை 150 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். லாரியில் வந்து தெருவில் கொட்டும்போதும் 140-க்குக் குறையக் கூடாது. எரிபொருளில் கணிசமான பகுதி ஜல்லியின் ஈரத்தை ஆவியாக்கவே போய்விடுகிறது. ஆகவே ஜல்லிக் குவியலுக்கு மேலே ஒரு தகரக் கொட்டகை போட்டாலே எண்ணெயும் மிச்சம், புகையும் மிச்சம். இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. கொஞ்சம் விஞ்ஞானம் சேர்த்தால், தாரில் ஒரு வேதிப்பொருளைக் கலந்து, 20 அல்லது 30 டிகிரி குறைந்த சூட்டிலேயே கலவையைத் தயாரிக்கலாம். வார்ம் மிக்ஸ் என்கிறார்கள். ரோடு போடுகிறவர்களின் முகத்தில் அடிக்கிற அந்தப் புகையும் வாடையும் அதில் குறையும். நம் ஊரில் மார்ச் மாதம் நிதியாண்டு முடிகிற அவசரத்தில் விடிய விடியப் போடுகிற ரோட்டில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, பிளாஸ்டிக் ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் யாராவது சண்டைக்கு வருவார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவினால் உருகி மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தாரை ஊற்ற வேண்டும். தண்ணீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பிரிப்பதை அந்தத் தோல் தடுக்கிறது. 2002-லேயே நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் போட்டுப் பார்த்தார்கள், நன்றாக உழைத்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு அந்த முறையில் ஒரு குறையும் இல்லை. அதை வைத்து நாம் அடிக்கிற தம்பட்டத்தில்தான் குறை. எங்கள் தெருவுக்கு 4 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு தளம் போட 65 டன் கலவை வேண்டும். அதில் தார் மூன்றேகால் டன். அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு பிளாஸ்டிக் சேர்த்தால் 260 கிலோ. நல்லது, 260 கிலோ குப்பைமேட்டுக்குப் போகாமல் தப்பியது. ஆனால் 60 டன்னுக்கு மேல் புதுக் கல் வந்து இறங்கியிருக்கிறதே, அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேல் பிளாஸ்டிக் ரோடு போட்டாலும் வாசற்படி புதையத்தான் செய்யும்.

புதைந்த பிறகு என்ன ஆகும் என்று 2015 டிசம்பரில் தெரிந்துகொண்டோம். மழை ஓய்ந்த பிறகும் தெருத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. வடிய இடமில்லை. வீடுதான் தெருவின் பள்ளம். அம்மா அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றினாள், அப்புறம் கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றினோம். சம்ப்பில் சாக்கடை கலந்து, அதைக் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு வாரம் ஆனது. 2003-ல் அரசு சொன்னபடி ஆசையாகத் தோண்டிய மழைநீர்த் தொட்டி இருந்தது. தெருவில் ஓடுகிற டீசலும் மண்ணும் அதற்குள் இறங்கி, மறு வருடமே அடைத்துக்கொண்டது.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சென்னையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றி வெட்டி, லாரிக்கு டயர் மாற்றுகிற மாதிரியான ஜாக்கிகளை வரிசையாகக் கொடுத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று திருப்புவார்கள். வீடு நூலளவு எழும்பும். அப்பா தினமும் போய் நின்று வேடிக்கை பார்த்தார். மூன்றடி தூக்கி, அடியில் செங்கல்லும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டினார்கள். அதற்கும் ஜல்லி, அதற்கும் எம்-சாண்ட் என்கிற கல் அரைத்த மணல். ரோடு ஏறியதால் வீடு ஏறுகிறது, வீடு ஏறியதால் குவாரி இன்னும் கொஞ்சம் ஆழமாகிறது. எங்களையும் தூக்கச் சொன்னார்கள். அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "போட்டவன் எடுக்கட்டும்."

தெருமுனைப் புங்கை மரத்துக்கு ஜாக்கி வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் தாரை அதன் தண்டு வரைக்கும் இழுத்துவிட்டுப் போனார்கள். மரத்தின் அடிப்பாகம், வேர் பிரிகிற இடம், காற்றுப் பட வேண்டிய இடம். அது ஒன்றரை அடி ஆழத்தில் கருங்கல்லுக்குள் புதைந்தால் மரம் வாழ்வதுபோலத் தெரியும், ஆனால் உள்ளே இற்றுக்கொண்டிருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தது. வேர்க்கட்டு என்று பெயருக்கு ஒரு தட்டு, அதைச் சுற்றிக் கழுத்துப்பட்டி மாதிரித் தார் வளையம். புயலில் விழுந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

பெரிய சாலைகளுக்கும் இதே வியாதி, அளவுதான் வேறு. மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்ட எந்தச் சாலையும் ஒரு கரை. ஏரிக்கரை போட்ட நம் ஆட்கள் கூடவே மதகும் வைத்தார்கள், மிஞ்சுகிற தண்ணீர் வழிய கலங்கலும் வைத்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கே போகும் என்று தெரிந்துகொண்டுதான் முதல் கூடை மண்ணைக் கொட்டினார்கள். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் பார்த்தால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தெரியும். ஒரே நிலம், நடுவில் சாலை. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலத்தில், தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் போக எத்தனை வழி, எவ்வளவு அகலம் என்பதுதான் அந்தச் சாலையின் சுற்றுச்சூழல் கேள்வி. ஓரத்தில் அரளிச்செடி நட்டால் அது தீராது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரி வரை 130 கிலோமீட்டருக்கு மேல் புதிதாக வருகிற சென்னை எல்லைச் சாலைக்கும் நான் கேட்பது அதையேதான். எத்தனை ஏரியின் வரத்துக் கால்வாயை அது தாண்டுகிறது, தாண்டுகிற இடத்தில் குழாயா, பாலமா? குழாய் என்றால் இரண்டு மழைக்காலத்தில் குப்பை அடைத்துக்கொள்ளும்.

என் தெருவுக்கே வருகிறேன். 2021 மே மாதம், தமிழக அரசின் தலைமைச் செயலாளராக வந்த புதிதில் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும், தெருமட்டம் உயரக் கூடாது என்று உத்தரவு போட்டார். அப்பா அந்தச் செய்தித்தாளை வெட்டி வைத்துக்கொண்டார், ரோடு போட வந்தால் காட்டுவதற்கு. போன மார்ச்சில் வந்தார்கள், இரவு பதினொன்றரைக்கு.

சுரண்டுகிற மெஷினை அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அடியில் ஓர் உருளை, அது முழுக்கக் கட்டைவிரல் கனத்தில் இரும்புப் பற்கள். உருளை சுழன்று ரோட்டைக் கடித்து எடுக்க, முன்னால் நீண்டிருக்கும் பெல்ட் வழியாகக் கரியும் கல்லுமாகத் துகள் ஏறி டிப்பரில் விழுகிறது. சூடும் தூசியும் அடங்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே போகிறது. ஒரு பையன் பின்னாலேயே நடந்து, தேய்ந்த பற்களைச் சுத்தியலால் தட்டி எடுத்துப் புதிதாகச் சொருகுகிறான். மேன்ஹோல் ஓரத்தில் மெஷின் வெட்டிய விளிம்பைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கோயில் சுவரில் வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு பெயர்ந்த இடம் மாதிரி, தளங்கள் அடுக்காகத் தெரிந்தன.

அப்பா மேஸ்திரியிடம் போனார். "எவ்வளவுப்பா சுரண்டறீங்க?"

"நாப்பது எம்எம் ஐயா. நாப்பது எடுத்து நாப்பது போடறோம்."

"அதான் அடியில இன்னும் ஒன்றரை அடி கெடக்கே. ஒரு நாலு இஞ்ச் எடுத்தா என்ன?"

"எடுக்கலாம் ஐயா. மேன்ஹோல் மூடியெல்லாம் அப்புறம் தொப்பி மாதிரி நிக்கும். ஒவ்வொரு தடவையும் செங்கல் வெச்சு ஒசத்திட்டே வந்திருக்காங்க இல்ல. அதை எறக்குறது வேற ஆளு. தண்ணிக் குழாய் வேற சில எடத்துல மேலாப்புல ஓடுது. எனக்கு எழுதிக் கொடுத்தது நாப்பது."

நியாயமான பதில். ஏற்றும்போது எல்லாருமே சேர்ந்து ஏற்றிவிட்டோம், இறக்க வேண்டும் என்றால் குழாய்க்காரர், சாக்கடைக்காரர், கேபிள்காரர் எல்லாரையும் ஒரே நாளில் ஒரே தெருவில் நிறுத்த வேண்டும். அப்பாவும் அதற்கு மேல் பேசவில்லை. செய்தித்தாள் துண்டு சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, விளக்கடியில் வைத்துத் தட்டி உடைத்தார். உள்ளே ஜல்லி நீலமாக மின்னியது.

"கல்லு அப்படியே இருக்கு பாரு. மூலைகூடத் தேயலை."

அதுதான் விஷயம். ரோடு கெட்டுப்போகிறது என்றால் வெயிலிலும் காற்றிலும் தார் இறுகிப் பிசுபிசுப்பு போய் வெடிக்கிறது என்று அர்த்தம். கல்லுக்கு வயதாவதில்லை. சுரண்டியதை ஆலைக்குக் கொண்டுபோய், புது ஜல்லியோடு நாலில் ஒரு பங்காகச் சேர்த்து, கொஞ்சம் புதுத் தாரைக் கொடுத்தால் அது மறுபடி ரோடு. நெருப்பில் நேராகக் காட்டக் கூடாது, பழைய தார் கருகிப் புகையும். அதிகச் சூடேற்றிய புது ஜல்லியோடு கலந்து அந்தச் சூட்டிலேயே இளக்க வேண்டும். அதற்கேற்ற ஆலை வேண்டும், சுரண்டியதை மழை படாமல் தரம் பிரித்து வைக்க இடம் வேண்டும். ரோடுகளுக்குத் தர விதிகள் வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2015-லேயே இதற்கென்று தனி வழிகாட்டி நூல் போட்டிருக்கிறது. சென்னைக்குத் தேவையான ஜல்லியில் ஒரு பெரும் பகுதி சென்னைத் தெருக்களிலேயே, நம் வாசற்படிகளுக்கு மேலேயே கிடக்கிறது. குவாரிக்குப் போக வேண்டாம், வெடி வைக்க வேண்டாம், அறுபது எழுபது கிலோமீட்டர் லாரி ஓட்ட வேண்டாம்.

மறுநாள் காலையில் புதுத் தளம் போட்டு முடித்திருந்தார்கள். அப்பா டேப்போடு உட்கார்ந்தார். இரண்டு முறை அளந்தார். எட்டாவது கோட்டின்மேலேயே பென்சிலை வைத்து அழுத்தி, பக்கத்தில் வருடத்தை எழுதி, ஒரு சைபர் போட்டார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலான அந்தக் கணக்கில் முதல் சைபர். அன்றைக்கு அவர் அம்மாவைக் கேட்காமலேயே இரண்டாவது காபி போட்டுக் குடித்தார்.

மூன்று நாள் கழித்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான் பார்த்தேன். எங்கள் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு காலி மனை உண்டு. பள்ளமான மனை, மழைக்காலத்தில் குட்டையாகி நீர்க்கோழிகூட வரும், சுற்று வட்டாரத் தண்ணீர் கொஞ்சம் அதில்தான் போய் நிற்கும். அதில் கறுப்பாக ஒரு மேடு. கிட்டப் போனேன். சுரண்டிய தார். சில கட்டிகளில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது, எங்கள் தெரு வேகத்தடையில் அடித்திருந்த பட்டை. யார் கொட்டச் சொன்னார்கள், மனைக்காரரே கேட்டு வாங்கினாரா, டிப்பருக்குத் தூரம் மிச்சம் என்று கொட்டிவிட்டுப் போனார்களா, விசாரிக்க அங்கே ஆள் யாரும் இல்லை. எங்கள் தெருவை ஏற்றாமல் விட்ட 65 டன் இந்தக் குட்டையை ஏற்றியிருந்தது.

சாயங்காலம் வந்து அப்பாவிடம் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எவ்வளவு ஒசரத்துக்குக் கொட்டியிருக்கான், அளந்தியாம்மா?"